குதிரைப் பந்தயக் கணிப்பு: ஓசூர் முதல் கிண்டி வரை

குதிரைப் பந்தயக் கணிப்பு என்பது, பந்தய நாளுக்கு முன்பாக, ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தக் குதிரை வெல்லும் என்பதைக் குதிரையின் வரலாறு, சுமக்கும் எடை, ஓட்டுநர், தூரம், தரை நிலை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட்டுச் சொல்வதாகும். பேச்சு வழக்கில் இது ‘டிப்ஸ்’ எனப்படும். தமிழ்நாட்டில் இக்கணிப்பு அறிவா, வெறும் அதிர்ஷ்டமா என்ற கேள்வி 20 ஆண்டுகளுக்கும் மேல் நீதிமன்றங்களில் நின்றது. கிண்டி பந்தயத் திடலின் இருப்பே அதற்கான விடையைச் சார்ந்திருந்தது. தருமபுரி வட்டாரத்தில் பந்தயத் திடல் எதுவும் இல்லை. ஆனால் 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர், சென்னை மாகாணத்துக் குதிரை வரலாற்றில் முக்கியமான இடம் பெற்றது.

தகடூர் நாடும் குதிரையும்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அதியமானின் ஊர் அது. அவன் மரபினருக்கு உரியதாகச் சங்க இலக்கியம் சுட்டும் மலையின் பெயர் குதிரைமலை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழிகள் இந்நிலப்பகுதியில் அமைந்ததால், குதிரைப்படைகள் நூற்றாண்டுகளாக இதைக் கடந்து சென்றன. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்களிலும் இதே கணவாய்கள் பயன்பட்டன.

1792-ல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அதன் நிர்வாகியான அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ தருமபுரியில் பணியாற்றினார். மலைக்கு மேலுள்ள ஓசூர் பகுதி திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799-ல்தான் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. பிற்காலத்தில் மன்றோ சென்னையின் ஆளுநரானார். சென்னைத் தீவுத்திடல் அருகே இன்றும் நிற்கும் அவரது வெண்கலச் சிலை, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையின் மேல் அவர் அமர்ந்திருப்பதைக் காட்டுகிறது.

மன்றோ ஆளுநராக இருந்த காலத்தில், 1824-ல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் இராணுவத்துக்கான குதிரைப் பண்ணை தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், மிதமான வெப்பம், பரந்த புல்வெளி, அருகிலேயே பெங்களூர்ப் படைமுகாம் ஆகிய வசதிகள் ஓசூருக்கு இருந்தன. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தப் பண்ணை, இராணுவத்தில் குதிரையின் தேவை குறைந்த பின் 1924-ல் கால்நடைத் துறையின் பொறுப்புக்கு மாறியது. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. கர்நாடகத்தின் குனிகல்லில் இருந்த பண்ணையும் படைக் குதிரைக்காகப் புகழ்பெற்றதே. ஆனால் அது பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் இடமாக மாறியது. ஓசூர் மாட்டுக்குச் சென்றது, குனிகல் பந்தயத்துக்குச் சென்றது.

சுழி பார்த்தல்

பந்தயத் திடல்களுக்கு முன்பே இப்பகுதி மக்களிடம் குதிரையை மதிப்பிடும் முறை ஒன்று இருந்தது. குதிரையின் நெற்றி, கழுத்து, மார்பு, விலா ஆகிய இடங்களில் உள்ள மயிர்ச் சுழிகளின் எண்ணிக்கையையும் அமைவையும் கொண்டு, அது வைத்திருப்பவருக்கு நன்மை தருமா, தீமை தருமா என்று சொல்வர். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி பார்த்தே விலை பேசப்படுகிறது. பல், குளம்பு, நடை ஆகியவையும் அங்கே பார்க்கப்படுகின்றன.

சுழி பார்ப்பவர் குதிரையை நேரில் கண்டு அதன் உடலைப் படிக்கிறார். பந்தயக் கணிப்பாளர் பெரும்பாலும் தாளில் உள்ள பதிவைப் படிக்கிறார். முதல் முறையில் குதிரையை வாங்குபவரின் எதிர்காலம் சொல்லப்படுகிறது. இரண்டாவதில், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தூரத்தில் அது பிற குதிரைகளை முந்துமா என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. அந்த ஓட்டம் முடிந்த மறு நிமிடமே கணிப்பு சரியா, தவறா என்பது தெரிந்துவிடும்.

கிண்டித் திடல்

கிண்டியில் 1777 முதல் பந்தயங்கள் நடந்ததாக மரபுச் செய்தி உள்ளது. தொடக்கத்தில் கம்பெனி அதிகாரிகளும் படையினரும் தங்கள் குதிரைகளைத் தாங்களே ஓட்டினர். 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் ஒழுங்கமைந்த நிறுவனமாக உருப்பெற்றது. கோடையில் உதகமண்டலத்திலும் மற்ற காலங்களில் கிண்டியிலும் பந்தயங்கள் நடந்தன. கிண்டியில் தென்னிந்திய டெர்பியும் உதகையில் நீலகிரி டெர்பியும் முக்கியமான போட்டிகளாக விளங்கின.

பந்தயம் நடக்கும் ஊரிலிருந்து தொலைவில் வாழ்ந்தவர்களுக்குச் செய்தித்தாளே பந்தயத்தின் வாசல். ‘தி இந்து’ போன்ற சென்னை ஆங்கில நாளிதழ்கள் பந்தயப் பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் மூன்று குதிரைகளைத் தேர்ந்து வெளியிட்டன. இறுதியில் ‘நாளின் சிறந்த குதிரை’ என ஒன்று குறிக்கப்படும். சேலம், தருமபுரி, ஓசூர்ப் பகுதி வாசகரும் அதே கணிப்பைப் படிக்க முடிந்தது. ஆனால் சட்டப்படி பணம் கட்டும் உரிமை பந்தய நாளில், பந்தயத் திடலின் அனுமதிக்கப்பட்ட வளாகத்தோடு இணைந்திருந்தது. ஒரே கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கிண்டி வளாகத்துக்குள் பணம் கட்டுபவர் பந்தய ரசிகர். வெளியே தெருவில் சட்டவிரோத ‘புக்கி’யிடம் கட்டுபவர் குற்றவாளி.

தடை தாண்டும் பந்தயம்

குதிரைப் பந்தயம் இரு வகைப்படும். சமதரையில் ஓடுவது ஒன்று. வேலி, பள்ளம் முதலிய தடைகளைத் தாண்டி ஓடுவது மற்றொன்று. இரண்டாவது வகை, 1752-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இருவர் ஓர் ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊரின் கோபுரம் வரை குறுக்கு வழியாகக் குதிரை ஓட்டிய பந்தயத்திலிருந்து தொடங்கியதாகக் கூறப்படுகிறது. இங்கிலாந்தின் எயின்ட்ரீ திடலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. 1839-ல் அங்கு வென்ற குதிரையின் பெயரே ‘லாட்டரி’.

கணிப்பின் எல்லையை இவ்வகைப் பந்தயம் தெளிவாகக் காட்டும். 1967 கிராண்ட் நேஷனலில் 23-ஆம் வேலியருகே குதிரைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பி நின்றன. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபோய்னாவன் என்ற குதிரை அக்குழப்பத்தை விலகிக் கடந்து வென்றது. அதன் விலை ஒன்றுக்கு நூறு. வெல்வதற்குப் போதுமான வேகம் இல்லாததே அதைக் காப்பாற்றியது எனலாம். எந்தப் பதிவேட்டையும் படித்து இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

குதிரைப்படை வீரன் வேலியும் பள்ளமும் தாண்டப் பயின்றவன் என்பதால், ஆங்கிலேயர் காலத்தில் படை அதிகாரிகளிடையே இவ்வகைப் பந்தயத்துக்கு மதிப்பு இருந்தது. கல்கத்தாவின் டோலிகஞ்சில் இவை நடந்தன. ஆனால் இந்தியத் திடல்களில் தொழில்முறையாக நிலைத்தது சமதரை ஓட்டமே. கிண்டியின் கணிப்பு மரபும் சமதரை ஓட்டத்தைச் சார்ந்தது. கீழே விழுவது என்ற பெரிய தற்செயல் அதில் குறைவு. இதுவே பின்னர் ‘திறன்’ என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

கணிப்பு உருவாகும் விதம்

ஒரு பந்தய நாளில் பொதுவாக ஆறு முதல் பத்து ஓட்டங்கள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் கணிப்பாளர் பார்ப்பவை:

- முந்தைய ஓட்டங்கள்: குதிரை கடைசியாக ஓடிய பந்தயங்களில் பெற்ற இடம், எந்தத் தரத்துக் குதிரைகளோடு ஓடியது, எவ்வளவு இடைவெளியில் தோற்றது.
- தூரம்: 1,000 மீட்டரில் பாயும் குதிரை 2,000 மீட்டரில் மூச்சு வாங்கலாம். பெற்றோர் வழியைப் பார்த்தும் தாங்கும் திறன் மதிப்பிடப்படும்.
- தரை: மழைக்குப் பின் இளகிய தரையில் சில குதிரைகள் நன்றாக ஓடும், சில தடுமாறும்.
- காலைப் பயிற்சி: பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பது பதிவாகி அச்சாகும்.
- ஓட்டுநரும் பயிற்சியாளரும்: ஜாக்கி மாற்றம் பெரும்பாலும் பயிற்சியாளரின் நோக்கத்தைக் காட்டும் குறிப்பாகக் கொள்ளப்படும்.
- எடை: சேணத்தோடு சேர்த்து ஜாக்கியின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்பே விதிக்கப்படும்.

இவற்றுள் எடையே மிகவும் நுட்பமானது. ‘ஹேண்டிகேப்’ எனப்படும் எடைச்சமன் பந்தயத்தில், பந்தயக் கழகத்தின் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தரப்புள்ளி தருகிறார். வல்ல குதிரைக்கு அதிக எடை, தளர்ந்த குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் வெற்றிக் கம்பத்தைத் தொட வேண்டும் என்பதே அவரது இலக்கு. வேறுவிதமாகச் சொன்னால், கணிப்பு பலிக்காமல் செய்வதே அவர் வேலை. கணிப்பாளர் தேடுவது வல்ல குதிரையை அல்ல, மதிப்பீட்டாளர் செய்த பிழையை. தோற்ற குதிரையின் புள்ளி இறங்க, சுமை குறைய, ஒருநாள் அது எளிதில் வெல்லும். அந்த நாள் எது என்று கண்டுபிடிப்பதே பந்தயக் கணிப்பின் உள்ளடக்கம்.

இதனால்தான் ஒரு குதிரை வேண்டுமென்றே பின்னுக்கு இழுக்கப்பட்டதா என்ற ஐயம் பந்தய உலகில் ஓயாமல் எழுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தையும் கண்காணிக்கும் ‘ஸ்டூவர்டு’கள் ஜாக்கியை விசாரித்துத் தடைவிதிக்கும் அதிகாரம் பெற்றிருப்பதும் இதனாலேயே.

பணத்தின் கணக்கு

பணம் கட்டும் முறை இரண்டு. முதலாவது ‘புக்மேக்கர்’ முறை. ஒவ்வொரு குதிரைக்கும் அவர் ஒரு விலை அறிவிப்பார். இரண்டாவது ‘டோட்’ முறை. கட்டப்பட்ட பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். கழகத்தின் பங்கு கழிக்கப்பட்டு, மீதி வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். இதை 1860-களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் உருவாக்கினார். இக்கணக்கைத் தானே செய்யும் பெரிய இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் வடிவமைக்க, அது 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் திடலில் முதன்முதலாக இயங்கியது. முதல் இடம், முதல் மூன்றுக்குள் ஓர் இடம், முதல் இரண்டின் இணை, முதல் மூன்றின் சரியான வரிசை, பல ஓட்டங்களின் வெற்றிக் குதிரைகளை ஒருசேரச் சொல்லும் ‘ஜாக்பாட்’ என டோட் பந்தயங்கள் பலவகை.

புக்மேக்கரின் இலாபத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆறு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் விலைகள் முறையே 1-க்கு 1, 1-க்கு 3, 1-க்கு 4, 1-க்கு 9, 1-க்கு 9, 1-க்கு 19 எனக் கொள்வோம். இவை குறிக்கும் வெற்றி வாய்ப்புகள் 50, 25, 20, 10, 10, 5 விழுக்காடு. கூட்டினால் 120. உண்மையான வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட முடியாது. அந்தக் கூடுதல் 20-தான் புக்மேக்கரின் பாதுகாப்பு. எல்லாக் குதிரைகளுக்கும் இதே விகிதத்தில் பணம் வந்தால், 120 ரூபாய் வாங்கி, எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபாயைத் திருப்பித் தருவார்.

இதற்கு மேல் வரி வருகிறது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது குதிரைப் பந்தயம் 28 விழுக்காட்டு வரிக்கு உட்பட்டது. 2025 செப்டம்பரில் விகிதம் 40 ஆக உயர்ந்தது. கட்டும் தொகை முழுவதன்மீதும் இந்த வரி கணக்கிடப்படுவதால், 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 140 ரூபாய் செலவாகும். சராசரி மனிதனைவிடச் சற்றே கூர்மையாகக் கணிப்பவர்கூட இச்சுமையைத் தாண்டி இலாபம் காண்பது அரிது.

அச்சாகும் கணிப்புக்கு இன்னொரு தடையும் உண்டு. எல்லோரும் படித்த கணிப்பு ஏற்கெனவே விலையில் கலந்துவிடும். ‘நாளின் சிறந்த குதிரை’ என்று செய்தித்தாளில் வந்த குதிரையின்மேல் காலையிலேயே பணம் குவியும். விலை சரியும். கணிப்பு பலித்தாலும் கிடைப்பது சொற்பமே. அது பலிக்காத நாட்களின் இழப்பை ஈடுகட்டாது.

திறனா, சூதா?

1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் சூதாட்டத்தைத் தடைசெய்தன. ஆனால் திடல் வளாகத்துக்குள் நடக்கும் குதிரைப் பந்தயப் பணம் கட்டலுக்கு விலக்கு இருந்தது. முற்றிலும் திறனைச் சார்ந்த விளையாட்டுகளுக்கும் விலக்கு உண்டு. குதிரைப் பந்தயத்தின் விலக்கை நீக்க 1949-ல் திருத்தம் இயற்றப்பட்டும் அது நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை.

1974-ல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அன்றாடக் கூலியைத் திடலில் இழந்து நலியும் குடும்பங்களைக் காப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. சட்டத்தை எதிர்த்துக் கழகம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் பந்தயங்கள் தொடர்ந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கழகத்தையே அரசு கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அதுவும் நீதிமன்றம் சென்றது.

1996 சனவரி 12-ஆம் நாள், கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சீட்டுக் குலுக்கல், பகடை போன்றவை தற்செயலைச் சார்ந்தவை என்றும், குதிரைப் பந்தயத்தின் முடிவு குதிரையின் வேகம், தாங்கும் வலு, பயிற்சி, ஓட்டுநரின் திறமை ஆகியவற்றைச் சார்ந்தது என்றும் அமர்வு கருதியது. எனவே அது திறன் விளையாட்டு, சூதாட்டத் தடைச் சட்டங்கள் அதற்குப் பொருந்தா என்று முடிவு செய்தது. 1986 சட்டம் சமத்துவ உரிமைக்கு முரணானது என நீக்கப்பட்டது. இன்று இணையவழிச் சீட்டாட்டம் முதலியவை பற்றிய வழக்குகளிலும் இத்தீர்ப்பு எடுத்தாளப்படுகிறது.

தீர்ப்பு ஏற்ற திறன் முதன்மையாகக் குதிரைக்கும் ஜாக்கிக்கும் உரியது. ஜாக்கி தன் திறனால் கூலி பெறுகிறார், பயிற்சியாளரும் அவ்வாறே. பணம் கட்டுபவரின் திறன் அதே அளவு பலன் தருமா என்பது வேறு கேள்வி. எடை மதிப்பீட்டாளர், தொகுப்பின் கழிவு, வரி, முன்பே சரிந்த விலை ஆகிய நான்கையும் அவர் கடக்க வேண்டும். பந்தயத்தில் அறிவுக்கு இடமுண்டு என்ற நீதிமன்றத்தின் கூற்றும், பந்தயத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்ற சட்டமன்றத்தின் கவலையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

நிலத்தின் முடிவு

திறன் என்ற தீர்ப்பால் நிலைத்த பந்தயம், இறுதியில் நில வாடகைக் கேள்வியால் இடம் இழந்தது. கிண்டியின் 160.86 ஏக்கர் அரசு நிலம் 1946 ஏப்ரல் முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய்க்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 1970 முதல் வாடகையை உயர்த்தி அரசு கேட்டதைக் கழகம் எதிர்த்தது. 730.86 கோடி ரூபாய் நிலுவையைச் செலுத்த 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 சூலையில் உதகையின் சுமார் 52 ஏக்கர் திடலை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக் குத்தகையும் இரத்தாகித் திடல் முத்திரையிடப்பட்டது. அந்த இடத்தில் மழைநீரைத் தேக்கும் குளங்களும் பூங்காவும் அமைக்கும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

தருமபுரி, ஓசூர்ப் பகுதிக்கு மிக அண்மையில் உள்ள பந்தயத் திடல் பெங்களூருடையது. ஓசூரிலிருந்து அதற்குச் சுமார் 40 கிலோமீட்டர். படைக்குக் குதிரை அனுப்பிய மத்திகிரிப் பண்ணையின் புல்வெளியில் இப்போது மாடுகள் மேய்கின்றன. அந்தியூரில் ஆடிதோறும் குதிரைகள் கூடுகின்றன, வாங்க வருபவர்கள் சுழி பார்க்கிறார்கள்.